தானியம் போகாத வழியில் பணம் போன வரலாறு

பசித்தவனுக்கு உணவளித்தல் அறங்களுள் தலையாயது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அவ்வுணவை அவனிடம் எவ்வாறு கொண்டு சேர்ப்பது என்பதில்தான் ஆதிமுதல் கருத்து வேறுபாடு இருந்து வந்திருக்கிறது. தானியமாக அனுப்புவதா, நாணயமாக அனுப்புவதா? வழியிலே வாளேந்தியவர் நிற்கும்போது எதை அனுப்புவது? யார் கையில் கொடுத்து அனுப்புவது? இவ்வினாக்கள் ஏட்டில் மட்டும் உள்ளவை அல்ல. நம் காலத்திலேயே, 2011ஆம் ஆண்டிலே, சோமாலிய நாட்டில் இலட்சக்கணக்கானோர் உயிர் இவ்வினாக்களுக்குக் கிடைத்த விடையைப் பொறுத்திருந்தது. அந்த வரலாற்றை அதன் பழைய வேரிலிருந்து சற்று நோக்குவோம்.

முன்னோர் கண்ட முறைகள்

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு அரபு நாட்டில் மழை பொய்த்தது. மண் சாம்பல் நிறமாய்ப் பறந்தமையால் அவ்வாண்டுக்கு 'ஆமுர் ரமாதா', அதாவது சாம்பல் ஆண்டு, என்று பெயர் வந்ததாக வரலாற்றாசிரியர் கூறுவர். கலீபா உமர் (ரலி) அவர்கள் மக்கள் பசி தீரும்வரை நெய்யும் இறைச்சியும் தொடுவதில்லை என உறுதி பூண்டார்கள். மிஸ்ரின் ஆளுநர் அம்ரு பின் ஆஸ் (ரலி) அவர்களுக்கு ஓலை சென்றது. அங்கிருந்து தானியம் தரை வழியாகவும் கடல் வழியாகவும் வந்தது. பின்னர் நைல் நதியைச் செங்கடலோடு இணைக்கும் பழைய கால்வாய் தூர்வாரப்பட்டது. மதீனாவுக்கு அணித்தான அல்ஜார் என்னும் துறைமுகத்தில் மிஸ்ரின் தானியம் வந்திறங்கலாயிற்று. வழியிலே பகை இல்லை, ஆணை ஒன்றே. ஆகவே தானியம் தானியமாகவே வந்து சேர்ந்தது.

அதே அல்ஜார் துறைமுகத்தைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. உமையாக்களின் காலத்தில் மர்வான் பின் ஹகம் மதீனாவின் ஆளுநராயிருந்தபோது, அங்குள்ள தானியத்தைப் பெற்றுக்கொள்வதற்கென மக்களுக்குச் சீட்டுகள் வழங்கப்பட்டன. 'ஸக்' என்பது அச்சீட்டின் பெயர், பன்மையில் 'ஸுகூக்'. சீட்டைப் பெற்றவர் துறைமுகத்துக்குப் போகுமுன்னரே அதை மற்றொருவருக்கு விற்கலாயினர். வாங்கியவர் வேறொருவருக்கு விற்றார். கையில் வந்து சேராத தானியத்தை விற்பது கூடாதென ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களும் மற்றொரு நபித்தோழரும் மர்வானிடம் சென்று கண்டித்தனர். காவலரை அனுப்பி அச்சீட்டுகளை மக்களிடமிருந்து மீட்டு, உரியவரிடம் சேர்ப்பித்தார் மர்வான். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் 'முவத்தா' இதனைப் பதிவு செய்திருக்கிறது. நிவாரணச் சீட்டு விற்பனைக்குப் போவது இன்றைய நோய் என எண்ணுவோர் இதை நினைவிற்கொள்ளலாம்.

மூன்றாவது செய்தி போர்க்காலத்தது. ஹிஜ்ரி 64 முதல் 73 வரை அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரலி) அவர்கள் மக்காவில் ஆட்சி புரிந்த காலம் உள்நாட்டுப் போரின் காலம். அவர்கள் மக்காவில் மக்களிடமிருந்து திர்ஹங்களைப் பெற்றுக்கொண்டு, இராக்கில் இருந்த தம் சகோதரர் முஸ்அபுக்குக் கடிதம் எழுதித் தருவார்கள். அம்மக்கள் இராக் சென்று முஸ்அபிடம் அத்தொகையைப் பெற்றுக்கொள்வர். பாலைவனத்திலே ஒரு திர்ஹமும் பயணம் செய்யவில்லை; கடிதம் மட்டுமே பயணம் செய்தது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் இது குறித்து வினவப்பட்டபோது, அதில் குற்றமில்லை என்று கருதினார்கள் என அதாவு (ரஹ்) வழியாக அறிவிக்கப்படுகிறது.

இம்முறையைப் பிக்ஹ் அறிஞர் 'ஸுப்தஜா' என்றனர். இது கூடுமா என்பதில் அவர்கள் நுணுக்கமாக விவாதித்தனர். கடன் கொடுத்தவர் அதனால் வழிப்பறி ஆபத்திலிருந்து தப்பும் பயனை அடைகிறாரே, கடனால் வரும் பயன் வட்டியைச் சாராதோ என்பது ஐயம். அப்பயனை நிபந்தனையாக்கினால் கூடாது என்றனர் ஷாபியீ, ஹனபீ மத்ஹபினர். ஹன்பலீ அறிஞருள் இப்னு குதாமா முதலானோர் இரு தரப்பார்க்கும் நன்மை உண்டு, எவருக்கும் தீங்கில்லை என்று இசைவளித்தனர். மாலிகீ அறிஞரின் கூற்று நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. பொதுவாக இது கூடாது. ஆயினும் பாதைகளில் எங்கும் அச்சம் பரவியிருக்குமாயின் பொருளைக் காக்கும் தேவைக்காக இது கூடும் என்றார்கள். போரும் கொள்ளையும் வழியை அடைத்தபோது பணம் எவ்வாறு செல்லவேண்டும் என்னும் வினாவைச் சட்ட அறிஞர் அன்றே எதிர்கொண்டிருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

ஸுப்தஜாவுக்கு அடுத்த வீடு ஹவாலா. 'மாற்றுதல்' என்பது அச்சொல்லின் பொருள். ஒருவர் மீதுள்ள கடனை மற்றொருவர் பொறுப்பில் மாற்றிவிடுவது. வசதியுள்ளவன் கடனைத் தாமதிப்பது அநீதி. கடன் கொடுத்தவர் வசதியுள்ள வேறொருவரிடம் மாற்றிவிடப்பட்டால் அதை ஏற்றுக்கொள்க என்னும் கருத்தமைந்த நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இன்று செய்தித்தாளில் ஹவாலா என்றால் கள்ளப்பணம் என்றே பொருளாகிவிட்டது. நம் நாட்டுச் சட்டத்திலும் அம்முறையில் அந்நியப் பணம் கைமாற்றுவது குற்றமே, அதில் ஐயமில்லை. ஆனால் வங்கியே இல்லாத ஒரு நாட்டில் அதே முறை என்ன செய்தது என்பது வேறு வரலாறு.

அரிசி மூட்டையும் துப்பாக்கியும்

1991 ஜனவரியில் சோமாலியாவின் ஆட்சித் தலைவர் சியாத் பர்ரே தலைநகர் மொகதிஷுவைவிட்டு ஓடினார். அவரை விரட்டிய குழுக்கள் தமக்குள் மோதின. அரசு, வங்கி, நீதிமன்றம் யாவும் மறைந்தன. ஜூபா, ஷபெல்லே ஆறுகளுக்கிடைப்பட்ட வேளாண் நிலமே பெருங்கொள்ளைக்கு இலக்காயிற்று. 1992இல் பைதோவா, பர்தேரா ஆகிய ஊர்களில் மக்கள் தெருக்களில் மடிந்தனர்.

உலக நாடுகள் தானியம் அனுப்பின. ஆனால் பணம் செல்லாத நாட்டிலே அரிசி மூட்டையே பணமாயிற்று. ஒரு மூட்டை அரிசியால் ஒரு போர்வீரனுக்குக் கூலி கொடுக்கலாம். நூறு மூட்டையால் ஒரு படையையே வைத்துக்கொள்ளலாம். ஆகவே துறைமுகத்திலிருந்து கிடங்குக்கும், கிடங்கிலிருந்து ஊருக்கும் செல்லும் ஒவ்வொரு லாரியும் கொள்ளைக்கு அழைப்பாயிற்று. லாரியைக் காக்கத் துப்பாக்கிக்காரரையே கூலிக்கு அமர்த்த வேண்டிவந்தது. இவ்வாறு பசியைத் தீர்க்க வந்த பொருளே சண்டைக்குத் தீனியாயிற்று.

இந்நிலையிலே சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம், சோமாலியச் செம்பிறைச் சங்கத்தோடு கூடி ஒரு வழி கண்டது. தானியத்தைப் பச்சையாகப் பங்கிடாமல் சமைத்துப் பரிமாறுவது என்பதே அது. சமைத்த கஞ்சியைக் கொள்ளையடிப்பவன் என்ன செய்வான்? பதுக்கி வைத்தால் கெட்டுவிடும்; சந்தையில் விற்றால் விலை போகாது. பசித்தவன் மட்டுமே வரிசையில் வந்து நிற்பான். 1992இல் இத்தகைய சமையற்கூடங்கள் 900க்கு மேல் பெருகிப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு உணவளித்தன. விறகு வெட்டுவோர், நீர் சுமப்போர், சமைக்கும் பெண்கள் யாவரும் அவ்வூர் மக்களே. மக்களின் கைவழியே சென்றது சென்று சேர்ந்தது. கிடங்கு வழியே சென்றது கொள்ளை போயிற்று.

அல்ஜீரியரான முஹம்மத் ஸஹ்னூன் அவ்வாண்டு ஏப்ரலில் ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதியாக அங்கு வந்தார். குலத்தலைவர்களோடு அமர்ந்து பேசிப் பேசியே வழி திறக்க முயன்றார். உதவி தாமதமானதற்கு ஐ.நா. அமைப்புகளையே வெளிப்படையாகக் குறைகூறினார். அக்டோபரில் பதவி விலகினார். டிசம்பரில் அமெரிக்கப் படை கரையிறங்கியது. லாரிகள் சென்றன, பலர் பிழைத்தனர். ஆயினும் படை சண்டையில் ஒரு தரப்பாகி, 1993 அக்டோபர் மொகதிஷுப் போரில் இழப்புகளைக் கண்டது. 1995 மார்ச்சில் ஐ.நா. படைகள் யாவும் வெளியேறின. அரசும் அமையவில்லை, வங்கியும் அமையவில்லை.

ஹவிலாத் என்னும் நம்பிக்கை

வங்கியற்ற அந்நாட்டைத் தாங்கி நின்றது வேறொன்று. 1970களில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்ற சோமாலியர், ஊரிலுள்ள வணிகரிடம் பணம் சேர்க்கும் முறையொன்றைப் பழக்கத்தில் கொண்டுவந்தனர். சோமாலி மொழியில் அதற்கு 'ஹவிலாத்' என்று பெயர். புராவோ நகரில் 1970இல் முஹம்மத் ஸயீத் துஆலே என்பவர் தொடங்கிய சிறு வணிகம் 'தஹப்ஷீல்' என்னும் பெரு நிறுவனமாக வளர்ந்தது. 1988இல் வட சோமாலியாவில் போர் மூண்டு மக்கள் எத்தியோப்பிய எல்லைக்கு ஓடியபோது, அகதி முகாமிலும் அப்பணம் அவர்களைத் தேடிச் சென்றது.

இதன் இயக்கத்தைச் சுருங்கக் கூறலாம். இலண்டனிலுள்ள மகன் அங்குள்ள முகவரிடம் நூறு டாலர் தருகிறான். முகவர் ஊரிலுள்ள தம் கூட்டாளிக்குச் செய்தி அனுப்புகிறார். கூட்டாளி தம் பெட்டியிலிருந்து நூறு டாலரைத் தாயிடம் தருகிறார். இரு முகவர்களுக்கும் இடையேயுள்ள கணக்கு பின்னர் துபாயில் நேர்செய்யப்படுகிறது. அங்கே அரிசியும் சர்க்கரையும் மாவும் வாங்கப்பட்டுக் கப்பலில் சோமாலியாவுக்கு வருகின்றன. எந்தத் தாளும் போர்க்களத்தைக் கடக்கவில்லை. தாயை அறிந்தவர் யார், அவர் குலம் எது, அவருக்குச் சாட்சி யார் என்பதே அடையாளச் சீட்டு. வாக்குத் தவறிய முகவரோடு மீண்டும் எவரும் கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்ள மாட்டார், அதுவே தண்டனை.

2001 நவம்பர் 7ஆம் நாள் அமெரிக்க அரசு, இந்நிறுவனங்களுள் மிகப் பெரியதான 'அல்பரகாத்' பயங்கரவாதத்துக்குத் துணைபோயிற்று என்று கூறி அதன் அலுவலகங்களை மூடிச் சொத்துகளை முடக்கியது. பல்லாயிரம் குடும்பங்களின் மாதப்படி ஒரே நாளில் நின்றது. பின்னர் 2004இல் அமெரிக்க விசாரணைக் குழுவின் ஆய்வாளரே அக்குற்றச்சாட்டுக்குப் போதிய சான்று கிட்டவில்லை என எழுதினர். 2008 செப்டம்பர் 3ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம், தங்கள் தரப்பைக் கூற வாய்ப்பளிக்காமல் சொத்தை முடக்கியது முறையன்று எனத் தீர்ப்பளித்தது. 2013இல் இலண்டனில் பெரிய வங்கியொன்று தஹப்ஷீலின் கணக்கை மூட முனைந்தபோதும் வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. அவ்வேளையில் சோமாலியாவுக்கு ஆண்டுதோறும் வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பணம் ஏறத்தாழ 130 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது. உலகின் உதவித் தொகையைவிட உறவினரின் தொகை பெரிது.

2011: தாமதித்த கை

2010 முதல் மழை தவறியது. முன்னெச்சரிக்கை செய்வோர் பல மாதங்களுக்கு முன்னரே அபாயத்தை எழுதினர். ஆனால் தென் சோமாலியாவின் பெரும்பகுதி அஷ்ஷபாப் இயக்கத்தின் பிடியில் இருந்தது. 2010 தொடக்கத்தில் உலக உணவுத் திட்டம் தெற்கே தன் பணியை நிறுத்தியது. அவ்வியக்கமும் அதைத் தடைசெய்தது. அமெரிக்கா 2008இலேயே அவ்வியக்கத்தைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்திருந்தமையால், அந்நிலத்தில் ஒரு மூட்டை தவறிப் போனாலும் தம்மீது வழக்கு வருமோ எனத் தொண்டு நிறுவனங்கள் அஞ்சின. ஒருபுறம் துப்பாக்கி, மறுபுறம் சட்டம், நடுவில் பசித்தவன்.

2011 ஜூலை 20ஆம் நாள், ஹிஜ்ரி 1432ஆம் ஆண்டு ரமளான் பிறப்பதற்கு ஏறத்தாழப் பன்னிரண்டு நாள்களுக்கு முன், தெற்கு பகூல், கீழ் ஷபெல்லே ஆகிய இரு பகுதிகளில் பஞ்சம் என ஐ.நா. அறிவித்தது. கென்யாவில் 90,000 பேருக்கென அமைந்த ததாப் முகாமில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நெருங்கியிருந்தனர். அறிவிப்பு வருமுன்பே பல்லாயிரவர் மடிந்திருந்தனர்.

தானியம் போக வழியில்லை என்ற நிலையில்தான் தொண்டு நிறுவனங்கள் ஹவிலாத்தின் வாயிலைத் தட்டின. முற்றும் புதிய வழியன்று அது. பாத்திமா ஜிப்ரெல் என்னும் சோமாலியப் பெண்மணி தோற்றுவித்த 'ஹார்ன் ரிலீப்' நிறுவனம், நார்வே நாட்டு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து, 2003-04 வறட்சியின்போது வடக்கிலே குடும்பத்துக்கு 50 டாலர் வீதம் வணிகர் வழியாகவே வழங்கியிருந்தது. 2011இல் அது பேரளவில் நடந்தது. ஊர்க் குழுக்கள் வறியவர் பட்டியலை எழுதின. நிறுவனத்தார் அதைச் சரிபார்த்தனர். ஹவிலாத் முகவர் தம் சொந்தப் பணத்தை முன்னதாகக் கொண்டுசென்று கொடுத்து, கைநாட்டுப் பெற்று, அந்த ஏட்டைக் காட்டிய பின்னரே நிறுவனத்திடமிருந்து தொகையைப் பெற்றனர். வழியில் தொலைந்தால் நட்டம் முகவருடையது. குடும்பத்துக்கு மாதம் சுமார் 75 முதல் 125 டாலர், ஒரு குடும்பத்தின் அடிப்படை உணவுச் செலவைக் கணக்கிட்டு வழங்கப்பட்டது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இதனால் பயன்பெற்றனர்.

பணம் கொடுத்தால் விலைவாசி ஏறும், ஆண்கள் வீணே செலவழிப்பர், ஆயுதக்காரர் பறித்துக்கொள்வர் என்ற அச்சம் பலருக்கிருந்தது. நடந்தது வேறு. அரிசி வாங்க மக்களிடம் காசு உண்டென அறிந்ததும் வணிகர் தாமே பொருளைக் கொண்டுவந்தனர். ஐ.நா.வின் லாரி போகாத பாதையில் கடைக்காரரின் லாரி போயிற்று. அவருக்கு எந்தச் சோதனைச் சாவடியில் யாரிடம் என்ன பேசவேண்டும் என்பது தெரியும். பெற்ற பணத்தில் பெரும்பங்கு உணவுக்கும், அடுத்த பங்கு கடைக்காரரின் பழைய கடனுக்கும் சென்றது. கடனடைத்தல் வீண்செலவன்று. பழைய கடன் தீர்ந்தவனுக்கே கடைக்காரர் மீண்டும் கடன் தருவார். அது அடுத்த மாதத்து உணவு.

குறைகளும் இருந்தன. மொகதிஷுவின் அகதிக் குடிசைகளில் 'வாயிற்காப்போர்' எனப்பட்ட இடைத்தரகர், இடம் தந்ததற்கெனப் பங்கு கேட்டனர். சில ஊர்க் குழுக்கள் தம்மவர் பெயரைப் பட்டியலில் நுழைத்தன. அல்ஜாரின் சீட்டை விற்றவர்களின் மரபு அற்றுப்போகவில்லை.

இவற்றினும் பெரிய குறை காலம். பணம் பேரளவில் சென்றது அவ்வாண்டின் இறுதி மாதங்களில்தான். 2010 அக்டோபர் முதல் 2012 ஏப்ரல் வரை இப்பஞ்சத்தில் கூடுதலாக இறந்தோர் ஏறத்தாழ 2,58,000 என்று 2013இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுள் பாதிக்கு மேல், 1,33,000 பேர், ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். 2012 பிப்ரவரி 3ஆம் நாள் பஞ்சம் நீங்கியது என ஐ.நா. அறிவித்தபோது, அக்குழந்தைகளில் பெரும்பாலோர் மண்ணுக்குள் போயிருந்தனர்.

உறவில்லாதவனுக்கு யார் உறவு?

இறந்தோர் யாவர் என நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அவர்களில் பெரும்பாலோர் இரு ஆறுகளுக்கிடையே பயிர்செய்து வாழும் ரஹன்வெய்ன் குலத்தாரும் பந்து இனத்தாரும் ஆவர். ஒட்டகம் மேய்க்கும் பெருங்குலத்தாருக்கு இலண்டனிலும் துபாயிலும் நைரோபியிலும் உறவினர் இருந்தனர். வறட்சி வந்ததும் ஹவிலாத் வழியே பணம் வந்தது. இவ்வேளாளருக்கோ வெளிநாட்டில் உறவு மிகக் குறைவு. ஹவிலாத் எவ்வளவு சிறந்த பாதையாயினும், அனுப்பும் கை ஒன்று அப்பக்கம் இருந்தாலன்றி இப்பக்கம் எதுவும் வராது. தொண்டு நிறுவனங்கள் 2011இல் செய்த நற்செயலின் உட்பொருள் இதுவே: அனுப்புவாரில்லாதவனுக்கு அனுப்புவாராக நின்றனர். அதைச் சில மாதங்கள் முன்னரே செய்திருக்கலாம். பாதை இருந்தது, முகவர் இருந்தார், சந்தையும் இருந்தது.

தானியமா நாணயமா என்ற வாதம் நம் இல்லங்களுக்கு அந்நியமானதன்று. ரமளான் முடிவில் ஷாபியீ மத்ஹபைச் சார்ந்த கடற்கரை ஊர்களில் பித்ராவை அரிசியாக அளந்து கொடுக்கிறோம். ஹனபீ மத்ஹபினர் அதன் மதிப்பைப் பணமாகவும் கொடுக்கின்றனர். சோமாலியரும் ஷாபியீ மத்ஹபினரே. முஆது பின் ஜபல் (ரலி) அவர்கள் யமன் நாட்டில் ஜகாத் வசூலித்தபோது, வாற்கோதுமைக்கும் சோளத்துக்கும் பகரமாகத் துணிகளைத் தாருங்கள். உங்களுக்கும் எளிது, மதீனாவிலுள்ளோருக்கும் பயன் மிகுதி என்று கூறியதாகப் புகாரியில் குறிப்பு உண்டு. ஹனபீ அறிஞர் இதைச் சான்றாகக் கொள்வர். ஷாபியீ அறிஞர் வேறு விளக்கம் தருவர். அந்த வாதத்தை இங்கே தீர்த்துவைப்பது நம் நோக்கமன்று. பெறுபவனுக்கு எது பயன் என்னும் வினா அவ்விவாதத்தின் நடுவில் இருந்ததைக் காட்டுவதே நோக்கம்.

பணமே எங்கும் மருந்து என்று கூறவும் இயலாது. முற்றுகையிடப்பட்ட நகரில் கடையில் அரிசியே இல்லையெனில் கைநிறைய டாலர் வைத்திருந்தும் பயனில்லை. அங்கே தானியமே வேண்டும், வாயிலைத் திறக்கும் உடன்பாடும் வேண்டும். பால்மறவாத பிள்ளை மெலிந்துவிட்டால் அதற்கு மருத்துவ உணவே வேண்டும். மறுபக்கம், நாட்டின் வங்கி முழுவதும் முடங்கினால் பணத்தையே மூட்டையாகச் சுமக்கவேண்டி வரும். ஆப்கானிஸ்தானில் 2021 ஆகஸ்டில் ஆட்சி மாறி, அந்நாட்டின் வெளிநாட்டு இருப்பு முடக்கப்பட்டபோது அதுவே நேர்ந்தது. 2021 டிசம்பர் முதல் 2023 ஜனவரி வரை ஐ.நா. ஏறத்தாழ 180 கோடி டாலரை ரொக்கத் தாள்களாக விமானத்தில் காபூலுக்குக் கொண்டுசென்றது. சட்ட அச்சத்தால் உதவி நிற்பதைத் தவிர்க்க, தடைப்பட்டியல்களில் மனிதநேய உதவிக்கு விலக்களிக்கும் 2664ஆம் தீர்மானத்தைப் பாதுகாப்புச் சபை 2022 டிசம்பர் 9ஆம் நாள் நிறைவேற்றியது. சோமாலியாவில் மடிந்தோருக்கு அது பதினோராண்டு தாமதம்.

தொலைநாட்டுத் துயருக்கென நம் ஊர்களிலும் பள்ளிவாசல்களிலும் நிதி திரட்டப்படுவதுண்டு. சட்டத்துக்குட்பட்ட நிறுவனங்களின் வழியாகவே அது செல்லவேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். கொடுப்பவர் அந்நிறுவனத்தாரிடம் மூன்று வினாக்கள் கேட்பது தகும். அவ்விடத்தில் சந்தை இயங்குகிறதா? பட்டியலை எழுதுவோர் யார், அதில் உறவற்றவன் பெயர் உண்டா? இது அவர்கள் கையில் எந்நாள் சேரும்? மூட்டைகளை அடுக்கிப் படமெடுத்துக் காட்டுவது எளிது. இம்மூன்றாவது வினாவுக்கு நேரான விடை தருவோரே அமானிதத்தைச் சுமக்கத் தகுந்தவர்.